'டிக்'குனு ஒரு சத்தம் கேட்கணும்!

வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், நடு டிராஃபிக்கில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி பறக்க நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? சுத்தி இருக்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கும். ஒரு ஷேர் ஆட்டோ அண்ணன் மட்டும் ஸ்லோ பண்ணி, 'இட்லி வெந்துடுச்சா தம்பி?'னு கேட்டுட்டுப் போவார். எனக்கு அந்த அனுபவம் உண்டு. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. முதல் தடவை தப்பு வண்டி மேல. ரெண்டாவது தடவை தப்பு முழுக்க என் மேல. இந்த வாரம் அந்தக் கதைதான். வாக்குமூலம்னே வெச்சுக்கோங்க.

வண்டி, எங்க தாத்தாவோட பிரீமியர் பத்மினி. 1979 மாடல். உங்களில் பலர் அதைப் பழைய படங்களில்தான் பார்த்திருப்பீங்க. இத்தாலிக்காரங்களோட ஃபியட் 1100-தான் அதற்கு மூலம். மும்பை குர்லாவில் தயாரானது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் லீவர். 2000 வாக்கில் தயாரிப்பு நின்றது. 2023 அக்டோபரோடு மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸியும் ரிட்டயர்டு ஆனது. எங்க தாத்தாவோடது மட்டும் மாம்பலத்தில் இன்னும் ரிட்டயர்டு ஆகலை.

ஆனால், ஆகிற மாதிரி இருந்தது. 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும் இல்லையா? எங்க வண்டிக்கு அந்த டைம் நெருங்கிடுச்சு. அப்பா கறாரா சொல்லிட்டார்: "இன்னொரு தடவை ரோட்டுல கொதிச்சு நின்னுச்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போக வேணாம். பழைய இரும்புக்காரருக்கு போன் போட்டுடுவேன்." தாத்தா ஒண்ணும் பேசலை. படிச்சுட்டிருந்த பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, எழுந்து வாசலுக்குப் போயிட்டார். வண்டி வாசலில்தானே நிக்குது!

அப்போதான் உங்கள் நண்பன் களத்தில் குதித்தான். மூணாவது வருஷம் டிரிபிள் இ. 'ப்ரொடெக்‌ஷன் அண்ட் ஸ்விட்ச்கியர்' பேப்பரில் ரிலேவைப் பத்தி நாலு பக்கம் எழுதி பாஸானவன். ஒரு காருக்கு ஃபேன் மாட்டத் தெரியாதா?

தெரியலை பாஸ்!

கொதிக்கிறது எதனாலே?

முதல்ல பிரச்னையைப் புரிஞ்சுக்குவோம். அந்தக் கால கார்களில் ரேடியேட்டருக்குப் பின்னாடி இருக்கும் ஃபேனை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுத்தும். எஞ்சின் வேகமாச் சுத்தினா ஃபேனும் வேகம். எஞ்சின் மெதுவாச் சுத்தினா ஃபேனும் மெதுவு. இதில்தான் கோளாறே! ஹைவேயில் போகும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரைக் குளிரவைக்கும், ஃபேன் பெருசா தேவையில்லை. ஆனா, அப்போதான் அது வெறித்தனமாச் சுத்தும். சிக்னலில் நிக்கும்போது எதிர்க்காத்து கிடையாது, ஃபேன்தான் கதி. ஆனா, அப்போ அது தூக்கக் கலக்கத்தில் சுத்தும். பரீட்சைக்கு மறுநாள் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து படிக்கிற மாதிரி!

எலெக்ட்ரிக் ஃபேனுக்கு இந்தப் பிரச்னை இல்லை. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும், தண்ணி சூடானா சுத்தும், ஆறினா நிக்கும்.

ஃபேன் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். வண்டி எப்போ சூடாகுது? டிராஃபிக்கில் மட்டும் சூடாகி, ஓட ஆரம்பிச்சதும் முள் இறங்கினா, காத்துப் பிரச்னை, ஃபேன் உதவும். ஹைவேயிலும் சூடானா, தண்ணிப் பிரச்னையா இருக்கலாம். ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹெட் காஸ்கெட்னு சந்தேக லிஸ்ட் நீளும். அதுக்கு ஃபேன் மாட்டினா, காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசின கதைதான். எங்க பத்மினி முதல் ரகம். கிண்டி வரைக்கும் சமத்தா வரும். கத்திப்பாரா நெரிசலில்தான் முள் எகிறும்.

'ஐடியா' ஐயாசாமி!

புதுப்பேட்டைக்குப் போனேன். ஏசி கண்டென்சருக்குப் போடுற 12 வோல்ட் பழைய ஃபேன் ஒண்ணு வாங்கினேன். எஞ்சின் ஃபேனைக் கழட்டாம, ரேடியேட்டருக்கு முன்னாடி இதையும் மாட்டினேன். டாஷ்போர்டில் ஒரு குட்டி டாகிள் ஸ்விட்ச். டாஷ்போர்டுக்குப் பின்னாடி கைக்குச் சிக்கின ஒரு லைவ் ஒயரில் இருந்து ஸ்விட்ச்சுக்கு, அங்கிருந்து ஃபேனுக்கு. வீட்டில் கிடந்த மெல்லிசான ஒயர். ஃப்யூஸா? அது எதுக்கு, அதான் நான் இருக்கேனே!

ரெண்டு நாள் பிரமாதமா ஓடிச்சு. தாத்தா தெருவில் எல்லார்கிட்டேயும், 'பேரன் பண்ணினது'னு பெருமை வேற பேசிட்டார்.

மூணாவது நாள், தாத்தாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் செக்கப். நான்தான் ஓட்டினேன். அதே கத்திப்பாரா. முள் ஏறிச்சு, ஸ்டைலா ஸ்விட்ச்சைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகுற வாசனை. லாரியில் இருந்து வருதுன்னு நினைச்சேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்து புகை வந்ததும்தான் தெரிஞ்சது, நம்ம வீட்டு வாசனை! ஸ்விட்ச்சை அணைக்கப் பார்த்தா, அது உருகி ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆகவே மாட்டேங்குது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

தாத்தா பதறலை. என்னை வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். டூல்ஸ் பையில் இருந்து ஒரு ஸ்பானரை எடுத்தார். இறங்கிப் போய், பானெட்டைத் தூக்கி, பேட்டரி டெர்மினலைக் கழட்டினார். புகை அடங்கிச்சு. கண்ணில் சொட்டு மருந்து போட வேண்டிய 76 வயசு மனுஷன், கை நடுங்காம செஞ்ச வேலை அது. அப்புறம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைச்சுக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ கரண்ட்டுதானடா படிக்கிறே?"

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் மக்களே!

பாகன் எங்கே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சைதாப்பேட்டையில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட தாத்தாவே கூட்டிட்டுப் போனார். அண்ணன் எட்டாங்கிளாஸோட படிப்பை நிறுத்தினவர். கருகின ஸ்விட்ச்சைக் கையில் வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா தம்பி, யானையை நீயே கயிறு கட்டி இழுத்துக்கினு போயிருக்கே. பாகன் எங்கே?"

அந்தப் பாகன்தான் ரிலே!

கணக்கு சிம்பிள். ஃபேன் ஓடும்போது 8 முதல் 10 ஆம்ப் இழுக்கும். நின்ன இடத்தில் இருந்து கிளம்புற அந்தக் கண நேரத்தில் அதைப்போல ரெண்டு, மூணு மடங்கு. என் குட்டி ஸ்விட்ச் தாங்கக்கூடியது 5 ஆம்ப். அதன் உள்ளே கான்டாக்ட்டில் 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்திருந்தாலே போதும். ஐ ஸ்கொயர் ஆர் போட்டுப் பாருங்க. 10 ஆம்ப்புக்கு 20 வாட் சூடு! நம்ம லேபில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது, தாத்தாவோட முழங்காலுக்கு மேல ஒரு சால்டரிங் அயர்னைப் பத்தவெச்சு மாட்டியிருக்கேன்.

ரிலே என்ன பண்ணும்? அதுக்குள்ளே ஒரு காயில், ஒரு கனமான ஸ்விட்ச். காயிலோட ரெசிஸ்டன்ஸ் 85 ஓம் அளவில் இருக்கும். 12 வோல்ட்டுக்கு 0.14 ஆம்ப்தான் ஓடும். அந்தத் துளியூண்டு கரண்ட்டில் காயில் காந்தமாகி, 'டிக்'குனு கனமான ஸ்விட்ச்சை இழுக்கும். 10 ஆம்ப் அந்த வழியா, டாஷ்போர்டு பக்கமே எட்டிப் பார்க்காம ஃபேனுக்குப் போயிடும். சின்ன பாகன், பெரிய யானை!

நாலு கால் மர்மம்

கார் ரிலேயைத் திருப்பிப் பார்த்தீங்கன்னா 30, 85, 86, 87-னு எழுதியிருக்கும். ஏதோ ஹால்டிக்கெட் நம்பர் மாதிரி இருக்கேனு பயப்படாதீங்க. டி.ஐ.என். 72552-னு ஒரு ஜெர்மன் ஸ்டாண்டர்டு கொடுத்த நம்பர்கள் இவை.

30: பேட்டரி பிளஸ்ஸில் இருந்து நேரா வர்ற கனமான ஒயர். வழியில் 20 ஆம்ப் ஃப்யூஸ் கட்டாயம். அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. ஃப்யூஸ் காப்பாத்துறது ஃபேனை இல்லை, ஒயரை. ஃப்யூஸுக்கு முன்னாடி இருக்கிற ஒயர் பாடியில் உரசினா, அதைக் காப்பாத்த ஆளே இல்லை. அதான் பேட்டரி பக்கத்திலேயே வைக்கணும்கிறது.

87: இங்கிருந்து ஃபேனோட பிளஸ். ஃபேனோட மைனஸ், பெயின்ட் சுரண்டின சுத்தமான இரும்பில் எர்த்.

86: சாவியைத் திருப்பினா மட்டும் 12 வோல்ட் வர்ற ஒயர். இதுக்குத் தனியா 3 ஆம்ப் ஃப்யூஸ்.

85: இங்கிருந்து தெர்மோ ஸ்விட்ச். அதன் மறுமுனை எர்த்.

சில ரிலேக்களில் நடுவில் 87ஏ-னு அஞ்சாவது கால் இருக்கும். அங்கே தெரியாம ஃபேனை மாட்டினா எல்லாம் தலைகீழ்! ரிலே சும்மா இருக்கும்போது 30-ம் 87ஏ-யும்தான் சேர்ந்திருக்கும். சாவியை எடுத்துட்டு வீட்டில் தூங்குவீங்க, ஃபேன் வாசலில் சுத்திட்டிருக்கும், காலையில் பேட்டரி காலி. வைவாவில் கேட்டா ஞாபகம் வெச்சுக்கோங்க.

தெர்மோ ஸ்விட்ச்தான் மூளை. நாங்க போட்டது 92 டிகிரியில் சேர்ந்து, 87-ல் பிரியிறது. எஞ்சினோட தெர்மோஸ்டாட் திறக்கிற டிகிரியை விட இது மேல இருக்கணும். இல்லேன்னா ஃபேன் நிக்கவே நிக்காது. கூடவே அண்ணன் ஒரு டாகிள் ஸ்விட்ச்சும் மாட்டச் சொன்னார், 85-ல் இருந்து நேரா எர்த்துக்கு. தெர்மோ ஸ்விட்ச் மக்கர் பண்ணினா கையால் தட்டிக்கலாம். இதில் ஓடுறது 0.14 ஆம்ப்தான். உருகச் சொன்னாலும் உருகாது.

ஒயர் விஷயத்திலும் கஞ்சத்தனம் கூடாது. ஃபேன் லைனுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர். 3 மீட்டர் நீளத்தில் 10 ஆம்ப் ஓடினா, இதில் 0.2 வோல்ட்தான் வீணாகும். 0.75 ஒயர் போட்டா 0.7 வோல்ட் போயிடும். அது அத்தனையும் ஒயரைச் சுட வைக்கும். காயிலுக்குப் போற லைனுக்கு அதே 0.75 தாராளம்.

டிக் வரலை!

எல்லாம் மாட்டியாச்சு. ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் ஒரு அலுமினிய அடாப்டர் சொருகி, அதில் தெர்மோ ஸ்விட்ச். ரிலேயை எஞ்சின் சூடும் தண்ணியும் படாத மூலையில், கால்கள் கீழே பார்க்கிற மாதிரி திருகியாச்சு. அண்ணன் டீ குடிக்கப் போயிட்டார். நானும் தாத்தாவும் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம்.

முள் பாதி தாண்டிச்சு. முக்கால் தாண்டிச்சு. ஹோஸைத் தொட முடியலை. டிக் வரலை. தாத்தா என்னைப் பார்க்கலை, முள்ளையே பார்த்துட்டிருந்தார். பேசாம இருக்கிறது எவ்வளவு பெரிய சத்தம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

டாகிளைத் தட்டினேன். டிக்! ஃபேன் சுத்திச்சு, முள் இறங்கிச்சு. அப்போ ரிலே, ஃபேன், 30, 87, 86 எல்லாம் ஓகே. டாகிளை ஆஃப் பண்ணிட்டு, திரும்பச் சூடாகவிட்டு, மல்டிமீட்டரை எடுத்தேன். 86-ல் 12 வோல்ட். 85-லும் 12 வோல்ட்! காயிலுக்கு ரெண்டு பக்கமும் 12 இருந்தா, நடுவில் கரண்ட் ஓடவே இல்லைனு அர்த்தம். அப்போ எர்த்துக்குப் போற வழி எங்கேயோ அறுந்திருக்கு.

தெர்மோ ஸ்விட்ச்சைப் பார்த்தேன். அதுக்கு ஒரே ஒரு பின். இன்னொரு முனை அதோட உலோக உடம்பு. அந்த உடம்பு இருக்கிறது அலுமினிய அடாப்டரில். அடாப்டர் இருக்கிறது எங்கே? ரெண்டு ரப்பர் ஹோஸுக்கு நடுவில்! எர்த்துக்குப் போக வழியே இல்லாம அந்தரத்தில் தொங்குது. எஞ்சினை நிறுத்தி, அடாப்டரில் இருந்து பாடிக்கு ஒரு சின்ன எர்த் ஒயர் போட்டேன். மறுபடி ஸ்டார்ட். முள் ஏறிச்சு... ஏறிச்சு...

டிக்!

தாத்தா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். டீ கிளாஸோட வந்த அண்ணன், புது ஒயரைப் பார்த்துட்டு, "அதை நீயே கண்டுபுடிக்கணும்னுதான் டீ குடிக்கப் போனேன்"னார். நிஜமா, டீலாவானு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

மாட்டுறதுக்கு முன்னாடி...

உங்க வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருந்தா, இதையெல்லாம் மனசில் வெச்சுக்கோங்க.

* வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியோட எர்த் டெர்மினலைக் கழட்டுங்க. எலெக்ட்ரிக் ஃபேன் சொல்லாம கொள்ளாம சுத்தும். விரல் பத்திரம்.

* கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. 7 பி.எஸ்.ஐ. மூடி போட்ட ரேடியேட்டரில், தண்ணி கிட்டத்தட்ட 111 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்ததும் பிரஷர் போயிடும், கொதிக்கிற தண்ணியும் ஆவியும் ஒரே நொடியில் முகத்தில் அடிக்கும். எங்க தாத்தாவோட இடது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

* காத்து முன்பக்கத்தில் இருந்து எஞ்சின் பக்கம்தான் போகணும். வண்டியை நிறுத்தி, எலெக்ட்ரிக் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கிரில் முன்னாடி ஒரு பேப்பரைப் பிடிங்க. ஒட்டிக்கிட்டா பாஸ். பறந்து வந்தா அரியர்.

* அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் பல, பேட்டரி பிளஸ்ஸை பாடியில் எர்த் பண்ணியிருக்கும். கண்ணை மூடிட்டு மாட்டினா ஃபேன் எதிர்த் திசையில் சுத்தும். டயோடு வெச்ச ரிலேன்னா கூடுதல் கவனம். முதல்ல எந்த டெர்மினல் பாடிக்குப் போகுதுன்னு பாருங்க.

* எங்க வண்டியில் இருக்கிறது டைனமோ. சிக்னலில் நிக்கும்போது அது சார்ஜ் பண்றது பேருக்குத்தான். ஃபேன் 8 ஆம்ப், ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து 7, 8 ஆம்ப், இக்னிஷன் 3, 4 ஆம்ப்னு கூட்டிப் பார்த்தா 20-ஐ தொடும். அத்தனையும் பேட்டரி பாக்கெட்டில் இருந்துதான். 15 நிமிஷ நெரிசலுக்கு 5 ஆம்ப் ஹவர் காலி. ஓடும்போது திரும்ப வந்துடும். ஆனா, எஞ்சினை நிறுத்திட்டு ஃபேனை ஓடவிட்டா வராது. அதனாலதான் 86-ஐ சாவியோட சேர்த்தோம்.

போன வெள்ளிக்கிழமை அப்பா லீவு. காலையில் செருப்பை மாட்டிக்கிட்டே, "பல்லாவரம் சந்தைக்குப் போகணும். பத்மினியை எடு"ன்னார். நான் ஓட்ட, தாத்தா பக்கத்தில், அப்பா பின் ஸீட்டில். கத்திப்பாரா. வழக்கமான நெரிசல். முள் ஏற ஆரம்பிச்சது. யாரும் பேசலை. தாத்தா கையை நீட்டி ரேடியோவை அணைச்சார்.

டிக்.

முன்னாடி ஃபேன் சுத்துற சத்தம். முள் அப்படியே நின்னு, மெதுவாத் திரும்பிச்சு. தாத்தா ரேடியோவை மறுபடி போட்டார். பின்னாடி இருந்து அப்பா, "என்னடா சத்தம் அது?"ன்னார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளே தாத்தா சொன்னார்: "பாகன்."

ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த மாசம். இரும்புக்காரர் நம்பரை அப்பா இன்னும் அழிக்கலை. ஆனா, தாத்தா மறுபடி தெருவில், 'பேரன் பண்ணினது'னு சொல்ல ஆரம்பிச்சுட்டார். இந்தத் தடவை நானும் தலையைக் குனிஞ்சுக்காம நிக்கிறேன்.

புத்தகத்தில் ரிலே படம் போட்டுப் பாகம் குறிச்சிருப்பீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 200 ரூபாய் மல்டிமீட்டரோட ஒரு பழைய வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. பாகம் குறிச்சதெல்லாம் அப்போதான் பேச ஆரம்பிக்கும்.

அடுத்த வாரம் வேறொரு பழுதோடு பார்ப்போம். அதுவரைக்கும்... ஃப்யூஸ் இல்லாம எதையும் மாட்டாதீங்க மக்களே!